ப்ரூஃப் நாணயம் அசல்தானா? பெட்டியைத் திறந்தபின் எதை, எப்படிப் பார்ப்பது

அண்ணாவின் தமிழ்க் கையெழுத்தோடு 2009இல் வந்த நூற்றாண்டு நாணயம், எம்.எஸ். சுப்புலட்சுமி நூற்றாண்டு 100 ரூபாய், தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரம் ஆண்டு நிறைவுக்கு வந்த 1000 ரூபாய், ‘தமிழ் வெல்லும்’ என்ற எழுத்து பொறித்த கலைஞர் நூற்றாண்டு 100 ரூபாய். மாட்டுங்கா, செம்பூர், தாராவி என்று மும்பைத் தமிழர்கள் வாழும் இடங்களில் இவற்றை ஆசையாகத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நாணயச்சாலை விற்று முடித்த பிறகு, வேறொருவர் கையிலிருந்து இணையம் வழியாகத்தான் பெரும்பாலும் வாங்க வேண்டியிருக்கிறது.

குழப்பம் பெட்டியைத் திறக்கும்போது ஆரம்பிக்கிறது. படத்தில் கறுப்புப் பின்னணியில் தலை உருவம் பனிபோல வெள்ளையாக ஜொலித்தது. கைக்கு வந்த நாணயத்தில் அந்தக் கறுப்பு எங்கே என்று தெரியவில்லை. ஓரத்தில் பழுப்பாக ஒரு சாயை வேறு. எடை போட்டுப் பார்த்தால் சரியாக இருக்கிறது. சரி, இது அசலா, போலியா? அசலென்றால் ப்ரூஃப்தானா, அல்லது சாதாரண நாணயத்தை ப்ரூஃப் என்று பொய் சொல்லி விற்றுவிட்டார்களா? அந்தச் சாயை நாணயம் கெட்டுப்போனதன் அடையாளமா?

இந்த மூன்றும் ஒரே கேள்வி போலத் தோன்றும். உண்மையில் தனித்தனிக் கேள்விகள். ஒன்றுக்கான சான்றை இன்னொன்றுக்கான சான்றாக எடுத்துக்கொள்வதால்தான் வாங்குகிறவர்கள் ஏமாறுகிறார்கள்.

‘ப்ரூஃப்’ என்பது ஆதாரம் அல்ல

முதல் சிக்கல் சொல்லிலேயே இருக்கிறது. நம் பேச்சில் ப்ரூஃப் என்றால் ஆதாரம். அட்ரஸ் ப்ரூஃப், ஐ.டி. ப்ரூஃப் என்று தினமும் சொல்கிறோம். அதனால் ‘ப்ரூஃப் நாணயம்’ என்றதும், அசல் என்று சான்று கொடுக்கப்பட்ட நாணயம் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். பெட்டிக்குள் ஒரு அட்டை இருந்தால் அந்த நம்பிக்கை இன்னும் உறுதியாகிவிடுகிறது.

நாணயத் துறையில் இந்தச் சொல்லுக்கு அந்தப் பொருள் கிடையாது. புதிதாகச் செய்த அச்சு சரியாக விழுகிறதா என்று பார்க்க, முதலில் சில நாணயங்களைக் கவனமாக அடித்துப் பார்ப்பார்கள். அந்தச் சோதனை நாணயங்களுக்குத்தான் ப்ரூஃப் என்று பெயர் இருந்தது. பின்னாளில் சேகரிப்பவர்களுக்காகவே அதே கவனத்தோடு அடித்து விற்கத் தொடங்கினார்கள், பெயர் ஒட்டிக்கொண்டது. ஆக, ப்ரூஃப் என்பது ஒரு செய்முறையின் பெயர். நாணயம் எவ்வளவு நல்ல நிலையில் இருக்கிறது என்பதைக்கூட அது சொல்லாது. பத்துப் பேர் விரல் பட்டு, துணியால் துடைத்துக் கெட்டுப்போன ப்ரூஃப் நாணயமும் ப்ரூஃப் நாணயம்தான்.

எப்படி அடிக்கிறார்கள்

நாணயம் செய்ய இரண்டு வேண்டும்: உருவம் செதுக்கிய உலோக அச்சு, உருவம் விழவேண்டிய வெறும் வில்லை. சாதாரண நாணயத்துக்கு வில்லைகள் இயந்திரத்தில் வேகமாக ஓடும், ஒரே அடி, அப்படியே கூடையில் விழும். ஒன்றோடொன்று மோதிச் சின்னச் சின்ன வடுக்களும் வரும்.

ப்ரூஃபுக்கு வேலை வேறு. அச்சில் நாணயத்தின் வெற்றுப் பரப்பாக வரவேண்டிய பகுதியைக் கண்ணாடிபோல மெருகேற்றுகிறார்கள். தலை, எழுத்து, சிங்கமுகத் தூண் போன்ற உருவங்கள் வரவேண்டிய பகுதியைச் சொரசொரப்பாக விடுகிறார்கள். வில்லையையும் மெருகேற்றுகிறார்கள். அப்புறம் அதிக அழுத்தத்தில், ஒரு தடவைக்கு மேல் அடிக்கிறார்கள். ஒவ்வொன்றையும் தனியாகக் கையுறையோடு எடுத்து, கேப்சூல் என்ற மூடிய பிளாஸ்டிக் கூட்டில் வைக்கிறார்கள்.

இதன் விளைவு, வெற்றுப் பரப்பு கண்ணாடியாகிறது. உருவம் பனி படிந்ததுபோல வெண்மையாக நிற்கிறது. இந்த வேறுபாட்டைத்தான் சேகரிப்பவர்கள் ‘கேமியோ’ என்கிறார்கள். ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: அடிக்க அடிக்க அச்சிலிருக்கும் சொரசொரப்பு தேயும். ஒரே அச்சில் பின்னால் அடித்த நாணயத்தில் பனி வெண்மை குறைவாக இருக்கலாம். கேமியோ மெலிதாக இருக்கிறது என்பதற்காக மட்டும் ஒன்றைப் போலி என்று ஒதுக்கக் கூடாது.

இதே நாணயங்களை நாணயச்சாலை இன்னொரு வகையிலும் விற்கிறது. ‘அன்சர்குலேட்டட்’, சேகரிப்பவர்கள் வாயில் யூ.என்.சி. புழக்கத்துக்கே போகாத புது நாணயம் என்று அர்த்தம். அதே உலோகம், அதே எடை, அதே வடிவம்; செய்முறை மட்டும் வேறு, விலையும் குறைவு. ஏமாற்று பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் நடக்கிறது என்பது என் கருத்து. போலி அச்சு செய்வதைவிட, அசலான யூ.என்.சி. நாணயத்தை ப்ரூஃப் பெட்டியில் போட்டு விற்பது மிகவும் சுலபம்.

யார் வெளியிடுகிறார்கள்

இந்தியாவில் நான்கு அரசு நாணயச்சாலைகள் உள்ளன: மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா. நான்கும் 2006இல் அமைக்கப்பட்ட அரசு நிறுவனமான எஸ்.பி.எம்.சி.ஐ.எல். கீழ் வருகின்றன. மும்பை நாணயச்சாலை கோட்டைப் பகுதியில், ரிசர்வ் வங்கிக்கு எதிரே, 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து இருக்கிறது. நினைவு நாணயங்களை நாணயச்சாலையே முன்பதிவு வாங்கி, இணையத்திலும் விற்கிறது. கைக்கு வர மாதக்கணக்கில் ஆகலாம்.

ரிசர்வ் வங்கிக்கு இந்த விற்பனையில் பங்கில்லை. பழைய நாணயங்களையும் நோட்டுகளையும் வாங்கி விற்பதாக அதன் பெயரைச் சொல்லிக் கமிஷன் கேட்கும் மோசடிகளைப் பற்றி 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே எச்சரிக்கை விட்டது. ‘ரிசர்வ் வங்கிச் சான்று பெற்ற ப்ரூஃப் செட்’ என்று யாராவது விளம்பரம் செய்தால், அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

2011ஆம் ஆண்டின் நாணயச் சட்டப்படி, 1000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள நாணயம் அடிக்க முடியாது. ஒவ்வொரு நினைவு நாணயத்துக்கும் மத்திய அரசிதழில் அறிவிக்கை வரும். உலோகம், விட்டம், விளிம்பில் எத்தனை கோடுகள், முன்பக்கம் பின்பக்கம் என்ன எழுத்து என்பதெல்லாம் அதில் இருக்கும். வாங்குகிறவர் கையில் இருக்கவேண்டிய முதல் கருவி இதுதான். ஏனென்றால் கணக்கு நாணயத்துக்கு நாணயம் மாறும். 2023இல் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு வந்த 75 ரூபாய் நாணயம் 44 மில்லிமீட்டர் விட்டம், 35 கிராம். வெள்ளி 50 சதவீதம், தாமிரம் 40, நிக்கல் 5, துத்தநாகம் 5. விளிம்பில் 200 கோடுகள். பெரிய கோயில் 1000 ரூபாயும் 35 கிராம்தான், ஆனால் வெள்ளி 80 சதவீதம். ரிசர்வ் வங்கியின் 90ஆம் ஆண்டுக்கு 2024இல் வந்த 90 ரூபாய் நாணயமோ 40 கிராம், கலப்பில்லாத வெள்ளி. ஒன்றின் கணக்கை வைத்து இன்னொன்றை அளந்தால் அசலே போலியாகத் தெரியும்.

முதல் கேள்வி: இது அரசு அடித்த நாணயமா?

1. எடை, விட்டம், தடிமன் மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தனியாக எடை மட்டும் சரியாக இருப்பது பெரிய சான்று அல்ல. எந்த உலோகத்திலும் 35 கிராம் செய்யலாம். ஆனால் வெள்ளி கனமான உலோகம், ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 10.5 கிராம். மேலே சொன்ன 50 சதவீத வெள்ளிக் கலவை கணக்குப்படி 9.5 கிராம் வரும். தாமிர நிக்கல் கலவை 8.9தான், துத்தநாகம் 7.1தான். அதனால் அதே 35 கிராமை, அதே 44 மில்லிமீட்டர் விட்டத்தில், வெள்ளி முலாம் பூசிய தாமிர நிக்கலில் செய்தால் நாணயம் நூற்றுக்கு ஆறேழு பங்கு தடிமனாகிவிடும். துத்தநாகத்தில் செய்தால் மூன்றில் ஒரு பங்கு தடிமன் கூடும். தடிமனைச் சரியாக வைத்தால் எடை குறையும். மூன்றையும் ஒரே நேரத்தில் பொருத்துவது போலி செய்பவருக்குக் கடினம்.

2. காந்தம். வெள்ளி, தாமிரம், புழக்கத்திலிருந்த தாமிர நிக்கல் நாணயங்கள் எதுவும் காந்தத்தில் ஒட்டாது. வெள்ளி நாணயம் என்று சொல்லி விற்றது ஒட்டினால் உள்ளே இரும்பு போன்ற வேறு உலோகம். ஒட்டவில்லை என்பதால் வெள்ளி என்று ஆகிவிடாது. கேப்சூலுக்கு வெளியிலிருந்தே இதைப் பார்த்துவிடலாம்.

3. விளிம்பு. போலியைப் பெரும்பாலும் விளிம்பு காட்டிக்கொடுக்கும். வார்ப்பில் செய்ததென்றால் சுற்றிலும் மெலிதான ஒட்டுக்கோடு தெரியலாம், பரப்பில் ஊசிக்குத்துப் போலக் குழிகள் இருக்கலாம், எழுத்தின் ஓரங்கள் சோப்பு கரைந்ததுபோல மழுங்கியிருக்கும். விளிம்புக் கோடுகளை ஒரு நெருக்கமான படம் எடுத்து, கால் வட்டத்துக்கு எண்ணிப் பார்க்கலாம். 200 கோடுகள் என்றால் கால் வட்டத்துக்கு 50.

4. காலத்துக்குப் பொருந்தாத எழுத்து. ரூபாய்க்கான புதிய குறியீடு 2010 ஜூலையில்தான் ஏற்கப்பட்டது. நாணயங்களில் 2011 முதல் வந்தது. 2009 என்று போட்ட நாணயத்தில் அந்தக் குறியீடு இருந்தால் அதற்குமேல் சோதனையே தேவையில்லை. ஒரு பக்கம் அசோகச் சின்னமும் நாட்டின் பெயரும் ரூபாய் மதிப்பும் இல்லாமல், தலைவர் படம் மட்டும் இருந்தால் அது நாணயமே அல்ல; தனியார் அடித்த வெள்ளிப் பதக்கம். வெள்ளி உண்மையாகவே இருக்கலாம், ஆனால் நாணயத்துக்கான விலை கொடுக்கக் கூடாது.

5. எக்ஸ்ரே சோதனை. நகையின் தரம் பார்க்கும் எக்ஸ்.ஆர்.எஃப். இயந்திரம் மும்பையின் நகைக்கடைப் பகுதியான ஜவேரி பஜார் பக்கம் கிடைக்கும். உரசாமல், உருக்காமல், மேற்பரப்பின் உலோகக் கலவையைச் சொல்லிவிடும். ஆனால் மேல்தோலை மட்டுமே படிக்கும் என்பதால் கனமான முலாமை வெள்ளி என்று காட்டக்கூடும். முதல் சோதனையோடு சேர்த்துப் பார்த்தால்தான் பயன்.

கடையில் நாணயத்தைக் கொடுக்கும்போது ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: உரைகல்லில் உரசக் கூடாது. பழக்கத்தில் சட்டென்று எடுத்து ஓர் உரசல் போட்டுவிடுவார்கள். நகைக்கு அது ஒன்றுமில்லை. ப்ரூஃப் நாணயத்துக்கு அதோடு சேகரிப்பு மதிப்பு போய்விடும். தண்ணீரில் தொங்கவிட்டு அடர்த்தி பார்க்கும் வழியும் உண்டு. கணக்கில் துல்லியமானது, ஆனால் கேப்சூலைத் திறந்து நனைக்க வேண்டும் என்பதால் ப்ரூஃபுக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது கேள்வி: ப்ரூஃபா, மெருகேற்றியதா?

முதல் கேள்வியில் தேறியது யூ.என்.சி. நாணயமாகவும் இருக்கலாம். எடையும் காந்தமும் எக்ஸ்ரேயும் இதில் உதவாது, ஏனென்றால் இரண்டும் ஒரே உலோகம். விற்பவர் ‘எடை பாருங்க, வெள்ளி பாருங்க’ என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னால், கேட்காத கேள்விக்குப் பதில் சொல்கிறார் என்று பொருள். இங்கே கண்ணும் வெளிச்சமும்தான் கருவி.

1. எழுத்தைப் பிரதிபலிக்க வைப்பது. அச்சடித்த காகிதம் ஒன்றை நாணயத்துக்கு அருகில், தொடாமல், செங்குத்தாகப் பிடிக்க வேண்டும். ப்ரூஃபின் வெற்றுப் பரப்பில் எழுத்துகள் தலைகீழாக, ஆனால் தெளிவாகத் தெரியும். காகிதத்தைக் கொஞ்சம் தள்ளிக் கொண்டுபோனாலும் தெரியும். யூ.என்.சி. பளபளப்பு எவ்வளவு இருந்தாலும் எழுத்து கலங்கிப்போகும்.

2. மூலைகளைப் பார்ப்பது. சாதாரண நாணயத்தைச் சக்கரத்தில் வைத்து மெருகேற்றினால் பரந்த இடம் பளபளக்கும். எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவிலுள்ள இடுக்கு, எழுத்தின் அடி மூலை இவற்றுக்குள் துணி நுழையாது, அங்கே மங்கல் நிற்கும். கூடவே எழுத்தின் தோள்களும் உருண்டுவிடும். ப்ரூஃபில் கண்ணாடித்தன்மை எழுத்தின் அடிவரைக்கும் போகும், எழுத்தின் ஓரம் கத்திபோல நிற்கும், வெளிவிளிம்பு சதுரமாக எழும்பியிருக்கும்.

3. கோடுகளைப் படிப்பது. பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் பெரும்பாலும் ஏதாவது கோடு தெரியும். பயப்பட வேண்டாம், எந்தக் கோடு என்பதுதான் விஷயம். அச்சை மெருகேற்றியபோது அச்சில் விழுந்த மெல்லிய பள்ளம், நாணயத்தில் மேடாக வரும். அது வெற்றுப் பரப்பில் ஓடி, உருவத்தின் ஓரத்தில் நின்றுவிடும். ஏனென்றால் அச்சில் உருவம் பள்ளமாக இருப்பதால் மெருகுத் துணி அங்கே இறங்குவதில்லை. நாணயத்தையே யாரோ துடைத்ததால் வந்த கோடு பள்ளமாக இருக்கும். பரப்பிலிருந்து தலைமேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கிப் போகும். முன்னது நாணயச்சாலையின் வேலை, குறையே அல்ல. பின்னது யாரோ செய்த கேடு. இந்த ஒரு வேறுபாட்டைக் கண் பழகிக்கொண்டால், பாதிச் சந்தேகங்கள் தாமே தீரும்.

4. நாணயச்சாலைக் குறி. ஆண்டு எண்ணுக்குக் கீழே பார்க்க வேண்டும். ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்கு வட்டப் புள்ளி, கொல்கத்தாவுக்குக் குறியே கிடையாது. மும்பைக்குச் சாதாரணமாக வைரக் கட்டம். ஆனால் மும்பையில் அடித்த ப்ரூஃப் நாணயங்களில் அதற்குப் பதில் எழுத்து இருக்கும்: ஊர் பம்பாயாக இருந்த காலத்தில் ஆங்கில ‘பி’, தொண்ணூறுகளின் நடுவில் பெயர் மாறிய பிறகு ஆங்கில ‘எம்’. ஆகவே ‘மும்பை ப்ரூஃப்’ என்று விற்கிற நாணயத்தில் வைரக் குறி தெரிந்தால், அது அசல் மும்பை நாணயமாகவே இருந்தாலும் ப்ரூஃபா என்று கேட்டே ஆக வேண்டும். மற்ற மூன்று ஊர்களுக்கும் இந்த வசதி இல்லை.

பெட்டி, வெல்வெட், அட்டை, முத்திரை எதையும் நான் இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. காலிப் பெட்டிகளும் கைமாறுகின்றன. பெட்டி அசல் என்பது பெட்டியைப் பற்றிய செய்தி மட்டுமே.

படத்தில் கறுப்பு, கையில் வெள்ளை: ஏன்?

கண்ணாடி எதிரில் இருப்பதைக் காட்டும். ப்ரூஃபின் பரப்பும் அப்படித்தான். கேமராவுக்குப் பின்னால் இருட்டாக இருந்து, வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து விழுந்தால், பரப்பு அந்த இருட்டைப் பிரதிபலித்துக் கறுப்பாகத் தெரியும். சொரசொரப்பான உருவமோ வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சிதறவிடுவதால் வெள்ளையாக நிற்கும். அதே நாணயத்தை வெள்ளைச் சுவரும் ட்யூப்லைட்டும் உள்ள அறையில் நேராகப் பிடித்தால், பரப்பு சுவரைக் காட்டும், எல்லாமே வெள்ளை. நாணயம் மாறவில்லை, எதிரில் இருப்பது மாறியிருக்கிறது.

ஆகவே பெட்டி வந்ததும் பதற்றப்படாமல் அறையை இருட்டாக்கி, ஒரே ஒரு மேசை விளக்கைப் போட்டு, நாணயத்தை மெதுவாகச் சாய்த்துத் திருப்பிப் பார்க்க வேண்டும். ஏதோ ஒரு கோணத்தில் பரப்பு கறுத்து உருவம் வெளுக்கும். இன்னொரு கோணத்தில் பரப்பு பளிச்சென்று வெளுத்து உருவம் சாம்பலாகும். இந்த மாற்றமே நடக்கவில்லை என்றால்தான் யோசிக்க வேண்டும்.

இதன் இன்னொரு பக்கமும் உண்டு. நேராக, கறுப்பாக, அழகாக எடுத்த படத்தில் மயிரிழைக் கீறல்கள் தெரியவே தெரியா. அந்த வெளிச்சமே அவற்றை மறைத்துவிடும். வாங்குவதற்கு முன்பு விற்பவரிடம் கேட்கவேண்டியது அழகான படம் அல்ல: ஒற்றை விளக்கின் கீழ் நாணயத்தைச் சாய்த்துத் திருப்பும் பத்து விநாடி வீடியோ, விளிம்பின் படம், ஆண்டு எண்ணும் குறியும் தெரியும் நெருக்கப் படம். கீறல் கேப்சூலிலா நாணயத்திலா என்ற சந்தேகமும் வீடியோவில் தீரும். சாய்க்கும்போது கேப்சூல் கீறல் உருவத்துக்கு மேலே மிதந்து நகரும், நாணயத்தின் கீறல் உருவத்தோடு சேர்ந்தே போகும்.

மூன்றாவது கேள்வி: நிலை எப்படி?

வெள்ளி கறுக்கும். காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைடு படலம் உண்டாவதுதான் காரணம். முதலில் மஞ்சள், அப்புறம் பழுப்பு, நீலம், கடைசியில் கறுப்பு. 50 சதவீத நாணயத்தில் பாதி தாமிரமும் மற்ற உலோகமும் இருப்பதால் நிறம் மாறுவது இன்னும் எளிது. மும்பையின் ஈரக்காற்றும் கடல் உப்பும் சேர்ந்தால் சொல்ல வேண்டியதில்லை. ஆக, 2009 நாணயத்தின் ஓரத்தில் மெல்லிய பொன்பழுப்புச் சாயை இருப்பது போலிக்கு அடையாளமும் அல்ல, பெரிய குறையும் அல்ல. விளிம்பிலிருந்து உள்ளே படிப்படியாக மங்கும் சாயை இயல்பானது. பச்சைப் பிசுபிசுப்பு வேறு விஷயம். அது மென்மையான பி.வி.சி. உறையிலிருந்து கசிந்தது, நாளடைவில் உலோகத்தை அரிக்கும். கைரேகையும் அப்படித்தான், வியர்வையின் உப்பு பரப்பில் நிரந்தரமாகப் பதிந்துவிடும்.

பெரிய ஆபத்து நம் வீட்டுப் பழக்கத்தில்தான் இருக்கிறது. வெள்ளிக் குத்துவிளக்கும் குங்குமச் சிமிழும் கறுத்தால் விபூதி போட்டுத் தேய்ப்போம், புளியோ பூந்திக்கொட்டையோ போட்டுக் கழுவுவோம். பாத்திரம் பளிச்சென்று ஆகிவிடும். அதே கையோடு ப்ரூஃப் நாணயத்தையும் அம்மாவோ மாமியாரோ அன்பாகத் தேய்த்துவிட்டால், ஒரே நிமிடத்தில் கண்ணாடிப் பரப்பு முழுக்கக் கோடுகள். வெள்ளியை முக்கி எடுக்கக் கடையில் விற்கும் திரவமும் மேல்படலத்தோடு கொஞ்சம் வெள்ளியையும் கரைத்துவிடும். போன கண்ணாடியைத் திரும்பக் கொண்டுவர எந்த வழியும் இல்லை. தேய்த்துப் பளபளக்கிற நாணயத்தைவிட, தொடாமல் பழுப்பேறிய நாணயத்துக்குத்தான் சேகரிப்பவர்கள் அதிகம் கொடுப்பார்கள். விற்பவர் ‘நல்லா க்ளீன் பண்ணி அனுப்புறேன்’ என்று சொன்னால், தயவுசெய்து வேண்டாம் என்று எழுதிக் கேட்டுவிடுங்கள்.

வைப்பதற்குக் கெட்டியான அக்ரிலிக் கேப்சூல், காற்றுப் புகாத டப்பா, கூடவே சிலிக்கா ஜெல் பொட்டலம் போதும். ரப்பர் பேண்டும் சாதாரண அட்டையும் கந்தகம் விடுபவை, பக்கத்தில் வேண்டாம்.

அசல்தான், ஆனால் அந்தக் காலத்தது அல்ல

பிரிட்டிஷ் இந்தியக் கால நாணயங்களில் ப்ரூஃப் என்று வாங்குகிறவர்கள் ‘ரீஸ்ட்ரைக்’ என்ற சொல்லைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். மும்பை, கொல்கத்தா நாணயச்சாலைகள் தம்மிடமிருந்த பழைய அச்சுகளைக் கொண்டு, சேகரிப்பவர்கள் கேட்டால் பல ஆண்டுகள் கழித்தும் அடித்துக் கொடுத்துவந்தன. 1970 வாக்கில்தான் இது நின்றது. அடித்தது அரசு நாணயச்சாலை, அச்சும் உண்மையானது. நாணயத்தில் உள்ள ஆண்டில் மட்டும் அடிக்கவில்லை. போலி என்று சொல்ல முடியாது, மூல ப்ரூஃபின் விலையும் கொடுக்க முடியாது. விற்பவர் இதைத் தானாகச் சொல்லாவிட்டால் நாம் கேட்க வேண்டும்.

‘1818’ என்று ஆண்டு போட்டு, ராமர் பட்டாபிஷேகமும் அனுமனும் பொறித்து, கிழக்கிந்திய கம்பெனி அணா என்று விற்கப்படுபவை இதில் சேராது. கம்பெனி அப்படி ஒரு நாணயம் வெளியிட்டதே இல்லை.

தரம் போட்ட பெட்டி

என்.ஜி.சி., பி.சி.ஜி.எஸ். என்ற இரண்டு அமெரிக்க நிறுவனங்கள் நாணயத்தைச் சோதித்து, 1 முதல் 70 வரையான அளவில் தரம் போட்டு, மூடிய பிளாஸ்டிக் சட்டத்தில் வைத்துத் தருகின்றன. ‘ஸ்லாப்’ என்று சொல்வது இதைத்தான். ப்ரூஃபாக இருந்தால் தர எண்ணுக்கு முன்னால் தனி எழுத்து போடுவார்கள், அதனால் இரண்டாவது கேள்விக்கும் அதில் பதில் கிடைக்கிறது. தேய்த்துக் கழுவிய நாணயத்துக்கு எண் தராமல் ‘டீட்டெய்ல்ஸ்’ என்று மட்டும் எழுதுவார்கள். விளம்பரத்தில் அந்தச் சொல்லை மறைத்துப் படம் எடுப்பதும் நடக்கும். சட்டத்திலிருக்கும் எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டு, வரும் விவரமும் படமும் கையிலிருப்பதோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்லாபையே போலியாகச் செய்கிறார்கள். உண்மையான எண்ணைத் திருடிப் போட்டிருப்பார்கள். எண் இருக்கிறது என்பது போதாது. கறை, கீறல், சாயை எல்லாம் படத்தோடு ஒத்துப்போக வேண்டும்.

விலையும் வழக்கும்

பேரம் பேசுவதற்கு முன்பு வெள்ளிக் கணக்கைப் போட்டுவிடலாம். 35 கிராம், 50 சதவீதம் என்றால் 17.5 கிராம் வெள்ளி. பெரிய கோயில் நாணயத்தில் 28 கிராம். 1969இல் காந்தி நூற்றாண்டுக்கு வந்த 10 ரூபாய் 15 கிராம், 80 சதவீதம்; வெள்ளி 12 கிராம். அன்றைய வெள்ளி விலையால் பெருக்கினால் உலோக மதிப்பு வரும். அதைவிடக் குறைவாக யாரும் வெள்ளி நாணயம் விற்க மாட்டார்கள். விற்றால் முதல் கேள்விக்குத் திரும்ப வேண்டும். அதற்கு மேல் கொடுப்பதெல்லாம் அரிதானது என்பதற்கும் செய்முறைக்கும் நிலைக்கும். ப்ரூஃபா என்பது உறுதியாகாத நாணயத்துக்கு யூ.என்.சி. விலைக்கு மேல் கொடுப்பதில் நியாயமில்லை.

பார்சலைப் பிரிக்கும்போது, முகவரிச் சீட்டு தெரியும்படி ஆரம்பித்து, நாணயத்தை விளக்கின் கீழ் திருப்பிக் காட்டுவது வரை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். விற்பவரின் விளம்பரத்தைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்; ‘ப்ரூஃப்’ என்ற சொல் அதில் இருப்பது முக்கியம். குறை இருந்தால் முதலில் விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத வேண்டும். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்கவில்லை என்றால் நுகர்வோர் உதவி எண் 1915. பணம் வாங்கிக்கொண்டு ஆளே மறைந்துவிட்டால் தாமதிக்காமல் இணைய மோசடிக்கான உதவி எண் 1930. நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால், விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும், வாங்கியவர் வசிக்கும் ஊரிலேயே, அதாவது மும்பையிலேயே, வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கியவற்றுக்குக் கட்டணம் இல்லை; இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும்.

புகாரில் மூன்று கேள்விகளில் எது பொய்த்தது என்பதைப் பெயர் சொல்லி எழுதுங்கள். ‘நாணயம் நன்றாக இல்லை’ என்று எழுதினால் அதை நிரூபிக்க வழியில்லை. ‘ப்ரூஃப் என்று விளம்பரம், வந்ததில் மும்பையின் வைரக் குறி, பரப்பில் எழுத்து பிரதிபலிக்கவில்லை, துடைத்த கோடுகள் உருவத்தின்மேல் ஏறிப் போகின்றன’ என்று எழுதினால், வீடியோவைத் திறந்து பார்க்கிற எவருக்கும் அது தெரியும்.